வாடகைக் காணிக்கு ஒரு மதில்

சிசிலியில், பகேரியா ரயில் நிலையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். தோளில் பை. சப்பாத்தில் சேறு. முதுகில், செல்வம் கடைசியாக எறிந்த வார்த்தை.

"ஒரு இடத்திலை ஒரு வருசம் ஒழுங்கா இருந்து பாக்காத ஆளிட்டை யோசனை கேட்டது என்ரை பிழை, அண்ணை!"

பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டு அங்கேயே நின்றிருப்பேன். உண்மை... அதனால்தான் நடந்தேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்தோம். அதற்குப் பிறகு எந்த ஊரும் என்னை அதிக காலம் வைத்திருக்கவில்லை. திராட்சை பிடுங்கியிருக்கிறேன், கோப்பை கழுவியிருக்கிறேன், கப்பலுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறேன். இப்போது பலெர்மோ. வுச்சீரியாச் சந்தைப் பக்கம், கீழே பாரில் போடுகிற பாட்டெல்லாம் படி ஏறி வரும் ஒரு மாடியில், நண்பர் ஒருவரின் அறையில் பாய் விரித்திருக்கிறேன். வேலை? போன வாரம் வரை இருந்தது. அது போனது பெரிய கதை இல்லை. இன்னொன்று வரும்.

நான் பார்த்த வேலைகளில் ஒன்றுதான் செல்வம் என்னைக் கூப்பிடக் காரணம். பிரான்சின் தெற்கிலும், பிறகு இத்தாலியின் வடக்கே ஒரு ஏரிக்கரையிலும் கேம்பர் தரிப்பிடங்களில் நின்றிருக்கிறேன். கேம்பர் தெரியும்தானே? கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாவற்றையும் ஒரு வானுக்குள் அடக்கி, வீட்டையே ஓட்டிக்கொண்டு வருவார்களே — அது. பென்ஷன் எடுத்த ஜெர்மன்காரர், ஒல்லாந்துக்காரர் எல்லாம் குளிர் தொடங்கியதும் புறப்பட்டு, வெயிலைத் தேடி சிசிலி வரை வருவார்கள். அவர்களுக்கு வண்டி நிறுத்த இடம், தண்ணீர், கரண்ட் கொடுத்தால் அது ஒரு தொழில்.

வெளியிலிருந்து பார்த்தால் உலகத்திலேயே சுகமான தொழில்! நீங்கள் அறை கட்ட வேண்டாம், படுக்கை விரிக்க வேண்டாம், காலைச் சாப்பாடு வைக்க வேண்டாம். வீட்டை அவனே கொண்டு வருகிறான். ஒரு வெறுங்காணியும், வாசலில் உட்கார ஒரு கதிரையும் போதும்...

செல்வமும் அப்படித்தான் நினைத்தார்.

செல்வம் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு ரெஸ்டாரண்ட் குசினியில் ஒவ்வொரு கோடையும் வெந்தவர். இந்த முறை சீசன் முடிந்த கையோடு, அடுத்த வருடம் வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். செல்வத்தின் மனைவி வசந்தி பலெர்மோவில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, ஒரு சிஞ்ஞோராவை, பார்த்துக்கொள்கிறார். சமையல், குளிக்க வார்ப்பது, மருந்து கொடுப்பது, கோபத்தைத் தாங்குவது... எல்லாம். இப்போது அந்தக் குடும்பத்தில் இருக்கிற ஒரே வேலை ஒப்பந்தம் வசந்தியுடையது. அதைக் காட்டித்தான் இருவருடைய பெர்மெஸ்ஸோவையும், அதாவது வதிவிட அனுமதியையும், புதுப்பிக்க வேண்டும். இந்த நாட்டில் நிற்க அந்த அட்டை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இதைப் படிக்கிற பலருக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

செல்வத்தின் திட்டம் இதுதான். பகேரியாவுக்கு அப்பால், கடலைப் பார்த்த சரிவில், கைவிட்டுக் கிடந்த ஒரு எலுமிச்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தாயிற்று. திங்கட்கிழமை வசந்தி சிஞ்ஞோராவிடம் போய் வேலையை விடுவதாகச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு பேரும் தோட்டத்தில் இறங்கிக் கேம்பர் தரிப்பிடம் நடத்த வேண்டும்.

"நீங்கள் வந்து பாத்து ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் போதும், அண்ணை. இவள் நம்புவாள்," என்று ஃபோனில் சொன்னார்.

சனிக்கிழமை ரயில் ஏறினேன். ஒரு சொல் சொல்ல.

ஒழுங்கையில் திரும்பியதுமே வாசல் தெரிந்தது. வாசல் என்றால் — வாசல்! இரண்டு பருத்த தூண்கள். உச்சியில் சீமெந்தில் வார்த்த தாமரை மொட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு பூசணிக்காய் அளவு. நடுவே பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புப் படலை. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் சீமெந்துக் கல் மதில். யாழ்ப்பாணத்து நல்லூரில் வெளிநாட்டுக் காசில் எழும்பிய ஏதோ ஒரு வீட்டின் முகப்பை அப்படியே பெயர்த்து வந்து சிசிலியில் நட்டது போல இருந்தது.

"எப்பிடி?" செல்வத்தின் முகம் பூரித்திருந்தது. "வேலை போன நாளிலையிருந்து நானே கட்டினது. மொட்டு ரெண்டும் என்ரை கையாலை வார்த்தது."

"நல்லா இருக்கு. நாலு பக்கமும் மதிலோ?"

"நாலு பக்கமும்தான்."

"காணி உம்மடையோ?"

"குத்தகை."

"குத்தகைக் காணிக்கு என்னத்துக்கு மதில்?"

செல்வம் என்னைப் பார்த்த பார்வை... எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"மதில் இல்லாட்டி அது என்ன காணி, அண்ணை?"

இதற்கு யாழ்ப்பாணத்தான் ஒருவனாலும் பதில் சொல்ல முடியாது. நாங்கள் அப்படித்தான். காணி என்று ஒன்று கையில் வந்தால் முதலில் எல்லை. பிறகு படலை. வீடு ஆறுதலாக வரும். அண்ணனும் தம்பியும் ஒரு வேலிக் கதியாலை அந்தப் பக்கம் நட்டாயா இந்தப் பக்கம் நட்டாயா என்று வழக்குப் பேசி, வழக்கு முடியும் முன்னே இரண்டு பேரும் கனடா போய்ச் சேர்ந்த கதைகள் எத்தனை! கடல் தாண்டினாலும் கை பழக்கத்தை விடுமா? செல்வத்தின் கையில் காணி வந்தது. கை மதில் கட்டியது.

உள்ளே போனோம். எலுமிச்சை மரங்கள் பராமரிப்பில்லாமல் கிளை தாழ்ந்து நின்றன. முந்தின நாள் மழையில் நிலம் கால் வைத்த இடமெல்லாம் இளகியது. நடுவே ஒரு கிணறு. செல்வம் வாளியை இறக்கி, அள்ளி, என் கைகளில் வார்த்தார்.

"குடிச்சுப் பாருங்கோ. உப்பில்லை. கடல் இவ்வளவு கிட்ட இருந்தும் உப்பில்லை! காணி பாக்க வந்த அண்டைக்கு முதல் வேலையா இதைத்தான் குடிச்சுப் பாத்தன்."

நல்ல தண்ணீர்தான். இனித்தது.

கிணற்றடிக்குப் பக்கத்தில் பழைய கல்வீடு ஒன்று, ஒற்றை அறை. தோட்டச் சாமான் வைத்த இடம் போல. அங்கே வசந்தி ஒரு காஸ் அடுப்பில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்கோ அண்ணை. எப்பிடி இருக்கு எங்கடை அரண்மனை?"

"படலை அரண்மனைதான்."

"படலைக்குச் செலவழிச்சதிலை பாதியை என்ரை குசினிக்குச் செலவழிச்சிருக்கலாம்." வசந்தி செல்வத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். "வாற ஆக்களுக்குப் பின்னேரத்திலை வடை, ரொட்டி ஏதும் சுட்டுக் குடுக்கலாம் எண்டு யோசிக்கிறன். ஓடுமோ?"

"ஓடாது," என்றேன் உடனே. "அவை அடுப்போடைதான் வாறவை. வெளியிலை வாங்கிச் சாப்பிடாதுகள்."

அனுபவசாலியாக இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. யோசிக்காமலே பதில் சொல்லலாம்.

தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேள்வி கேட்கத் தொடங்கினேன்.

"இது தோட்டக் காணி. வண்டி நிப்பாட்ட விடுவினமோ எண்டு கொமூனேயிலை கேட்டாச்சோ?"

"தொடங்கிப்போட்டுக் கேப்பம், அண்ணை."

"மதிலுக்கு?"

"பக்கத்துத் தோட்டக்காரன் கட்டியிருக்கிறான்தானே!"

கொமூனே என்பது இங்கே ஊராட்சி அலுவலகம். எந்தக் காணியில் எதைச் செய்யலாம் என்பதைச் சொல்வது அவர்கள்தான். அவர்களுடைய கதவு எது, எந்தக் கதவை எப்போது தட்ட வேண்டும் என்று தெரிந்த ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார். ஜெயோமெத்ரா என்று பெயர். காணி அளந்து, படம் கீறி, அனுமதி எடுத்துத் தருகிறவர். முதல் சீமெந்து மூட்டையை வாங்க முன் அவரைப் பார்க்க வேண்டும். செல்வம் கடைசி மூட்டை முடிந்த பிறகும் பார்க்கவில்லை.

"ஆர் வருவினம் எண்டு நினைக்கிறீர்?"

"ஓகஸ்ட்டிலை மொண்டெல்லோவிலை கால் வைக்க இடமில்லை. மிச்ச ஆக்கள் இஞ்சை வருவினம்."

"ஓகஸ்ட்டிலை வாறவன் இளசு. கடலுக்குப் பக்கத்திலைதான் நிப்பான். இவ்வளவு தூரம் ஏறி வரமாட்டான். உமக்குச் சோறு போடப் போறவை குளிருக்கு ஓடி வாற கிழவன் கிழவியள். அவை மாரியிலை வருவினம். இந்தச் சேத்திலை இறங்கினால் சில்லுப் புதைஞ்சு போடும். சல்லி போட்டு இறுக்க வேணும். கிளையெல்லாம் வெட்ட வேணும். கரண்ட்?"

செல்வம் கல்வீட்டுச் சுவரில் இருந்த ஒற்றைப் பிளக்கைக் காட்டினார்.

ஏரிக்கரையில் நான் பட்ட பாடு ஞாபகம் வந்தது. குளிர்நாள் பின்னேரம் ஒரு கிழவி ஹீட்டர் போடுவாள். பக்கத்துக் கிழவன் கேத்தில் போடுவான். எல்லா வண்டியும் ஒன்றாக இருண்டு போகும். எல்லோரும் வந்து தட்டுவது ஒரே கதவை... என் கதவை. கதவு என்ன கதவு, பம்ப் அறைதான். குழாய் உறைகிறதா என்று பார்க்க ஒரு மாரி முழுக்க அங்கேதான் படுத்தேன். சூடாகவும் இருந்தது, நாறவும் செய்தது. சூட்டை எடுத்துக்கொண்டேன்.

வாசலில் கதிரை போட்டு உட்காருகிற தொழில் என்கிறீர்களே — அந்தக் கதிரையில் நான் உட்கார்ந்ததாக ஞாபகமே இல்லை.

கடைசிக் கேள்வியைக் கேட்டேன். "அழுக்குத் தண்ணி எங்கை போகும்?"

"எந்த அழுக்குத் தண்ணி?"

"கழுவுற தண்ணி. கக்கூஸ்."

"அவையின்ரை கக்கூஸ் வானுக்குள்ளைதானே இருக்கு? எங்களுக்கென்ன?"

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"செல்வம்... வசந்தி வேலையை விடக் கூடாது. இப்ப விடக் கூடாது."

"அண்ணை, நான் உங்களைக் கூப்பிட்டது—"

"ஓம் எண்டு சொல்ல. தெரியும். சொல்ல ஏலாது. படலைக்குள்ளாலை ஒரு கேம்பரும் வராது. ஒழுங்கை ஒடுக்கம், வளைச்செடுக்க இடமில்லை. வந்தாலும் போறதுக்கு வழியில்லை... வண்டிக்கும் இல்லை, கக்கூஸுக்கும் இல்லை."

வசந்தி அடுப்பை அணைத்துவிட்டுச் செல்வத்தைப் பார்த்தார். செல்வம் என்னைப் பார்த்தார். அந்த வார்த்தை அப்போதுதான் வந்தது. ஒரு இடத்தில் ஒரு வருடம் இருக்காத ஆள்.

நான் பையை எடுத்தேன்.

சரி, இப்போது மீண்டும் ஒழுங்கைக்கு வருவோம். இறங்கி நடக்கிறேன் என்றேன் அல்லவா? கோபம் அரைவாசி ஆறியிருந்தது. திங்கட்கிழமைதான் ஆறவில்லை. செல்வம் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் மனைவியிடம் அழுத்திக் கேட்டால் மனைவிமார் சம்மதித்துவிடுவார்கள். இருக்கிற ஒரே ஒப்பந்தமும் போய்விடும். பிறகு சேற்றுக்கு நடுவே இரண்டு தாமரை மொட்டுகளும், காலாவதியாகப் போகும் இரண்டு அட்டைகளும்தான் மிச்சம்.

அப்போது கீழேயிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது.

வெள்ளை நிறத்தில், ஒழுங்கையை அடைத்துக்கொண்டு, பின்னால் இரண்டு சைக்கிள் தொங்க ஒரு கேம்பர் ஏறி வந்தது. ஜெர்மன் இலக்கத்தகடு. நான் கல்மதிலோடு ஒட்டி நின்றேன். என் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டியவர் நரைத்த தாடிக்காரர். பக்கத்தில் இருந்த அம்மா கண்ணாடியை இறக்கி ஃபோனை நீட்டினார்.

ஃபோனில் ஒரு படம். பச்சைப் படலை. இரண்டு தாமரை மொட்டு.

அடப் பாவி மனுசா! இன்னும் திறக்கவே இல்லாத தரிப்பிடத்தைச் செல்வம் ஃபோன் வரைபடத்தில் ஏற்றிவிட்டார். கடலின் படம் இல்லை, மரத்தின் படம் இல்லை. படலை மட்டும்.

"இது இங்கேதானா?" என்று அந்த அம்மா கேட்டார். அவருக்குக் கொஞ்சம் இத்தாலியன், எனக்குக் கொஞ்சம் ஜெர்மன். நடுவில் சந்தித்துக்கொண்டோம்.

இன்னும் திறக்கவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். செல்வத்துக்கு அவமானம் இல்லை, எனக்கு ரயில் கிடைத்திருக்கும். ஆனால் என் வாய் சொல்லிச் செல்வத்தின் தலையில் ஏறாதது, இந்த வண்டி சொன்னால் ஏறாதா?

"மேலேதான். என் பின்னால் வாருங்கள்," என்றேன்.

இடத்தை விட்டு நடந்த நான் அதே இடத்துக்கு அதே நாளில் திரும்பிப் போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

எஞ்சின் சத்தம் கேட்டுச் செல்வம் ஓடி வந்தார். என்னோடு கோபம் என்பதே மறந்துபோயிற்று.

"அண்ணை! ஆள் வந்திட்டுதோ?"

"வந்திட்டுது. படலையைத் திறவும்."

"வசந்தி! ஓடி வா! வந்திட்டினம்!"

வசந்தி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். செல்வம் படலையின் இரு சிறகையும் விரியத் திறந்து, ஒரு பக்கமாக நிமிர்ந்து நின்றார். கலியாண வீட்டில் மாப்பிள்ளை காருக்கு நிற்பது போல.

தாடிக்காரர் வண்டியின் மூக்கைத் திருப்பினார். வால் எதிர் மதிலில் முட்டப் போனது. பின்னால் எடுத்தார். மறுபடி திருப்பினார். "அவந்தி! அவந்தி!" என்று செல்வம் முன்னே வரச் சொல்லிக் கை வீசினார். வசந்தி பின்னாலிருந்து "ஸ்டாப்! ஐயோ ஸ்டாப்!" என்று கத்தினார். இன்னொரு முறை. வண்டியின் கூரையோரத்தில் சுருட்டி வைத்திருந்த வெயில் பந்தல், தூணின் மொட்டில் உரசியது. டக். தாமரை இதழ் ஒன்று செல்வத்தின் காலடியில் விழுந்தது.

தாடிக்காரர் இறங்கினார். தூணைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், ஒழுங்கையைப் பார்த்தார். மிக மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, வண்டியைப் பின்னால் எடுத்து, கொஞ்சம் கீழே ஒழுங்கை அகன்ற இடத்தில் நிறுத்தினார்.

செல்வம் விழுந்த இதழைக் குனிந்து எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை.

அந்த அம்மா நடந்தே உள்ளே வந்தார். மரங்களைச் சுற்றிப் பார்த்தார். ஒரு எலுமிச்சம் பழத்தை மணந்தார். பிறகு கேட்டார்:

"கடல் எங்கே?"

நான் மொழிபெயர்த்தேன். செல்வம் கையை நீட்டினார்.

"அங்கை... மதிலுக்குப் பின்னாலை."

அந்த அம்மா ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதில் ஏறி, மதிலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "ஆ!" என்றார். நிஜமாகவே அழகான கடல். அந்தப் பெட்டியில் ஏறினால் தெரியும்.

தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று வசந்தி சைகையால் கேட்டார். அந்த அம்மா சந்தோஷமாகத் தலையாட்டினார். இந்த நேரத்தில்தான் தாடிக்காரர் படலைக்குள் வந்தார். கையில் சில்லு வைத்த, கைபிடி வைத்த, சாம்பல் நிறப் பெட்டி ஒன்று.

விருந்தாளி பெட்டியோடு வருகிறார். எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? செல்வம் பாய்ந்து போனார்.

"குடுங்கோ, குடுங்கோ! பிரேகோ, பிரேகோ!"

தாடிக்காரர் பின்வாங்கினார். செல்வம் விடவில்லை. வீட்டுக்கு வந்தவர் பெட்டி தூக்க வீட்டுக்காரன் பார்த்துக்கொண்டு நிற்பதா? பிடுங்காத குறையாக வாங்கி, சில்லு சேற்றில் படக் கூடாது என்று இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நேராகக் கல்வீட்டை நோக்கி நடந்தார். வசந்தி தேத்தண்ணி போடும் இடத்துக்கு.

"ஆற்றை பெட்டி?" என்றார் வசந்தி.

"விருந்தாளியின்ரை. உள்ளை வைக்கிறன். நல்ல பாரம்!"

"செல்வம்," என்றேன். "அப்பிடியே நில்லும். அதைச் சரிக்காதையும்."

"ஏன், கண்ணாடிச் சாமானோ?"

"இல்லை. அவையின்ரை கக்கூஸ்."

செல்வம் நின்றார். கீழே வைக்கவும் இல்லை, போடவும் இல்லை. பாவம், வாசல்படியில் ஒரு கால், வெளியே ஒரு கால்.

"என்னது?"

"வானுக்குள்ளை கக்கூஸ் இருக்கு எண்டனீர். ஓம், இருக்கு. அதுக்குக் கீழை இந்தப் பெட்டி. நிரம்பினால் கழட்டிக் கொண்டு வருவினம். எங்கை ஊத்துறது எண்டு கேக்கத்தான் அந்தாள் வந்தவர்."

வசந்திக்கு வந்த சிரிப்பு! சீலைத் தலைப்பு இல்லாத குறைக்கு ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு வாறார், பாருங்கோ!" அந்த அம்மாவும் சிரித்தார். தாடிக்காரர் சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டார். கடைசியில் செல்வமே சிரித்துவிட்டார். பெட்டியை மெல்ல, மிக மெல்லக் கீழே வைத்தார்.

"அது பிரச்சினையில்லை," என்றார், மீசையைத் துடைத்துக்கொண்டு. "கிணத்தடிக்குப் பின்னாலை ஒரு கிடங்கு வெட்டினால் சரிதானே?"

வசந்தியின் சிரிப்பு நின்றது.

"எங்கை?"

"அங்கை, பின்னாலை..."

"கிணத்துக்குப் பக்கத்திலை கக்கூஸ் கிடங்கோ? அந்தத் தண்ணியை முதல் அள்ளிக் குடிச்சது நீங்கள். ஊரிலை ஆரும் இப்பிடி வெட்டினால் நீங்களே போய்ச் சண்டை பிடிப்பியள்!"

செல்வம் கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். நாற்றம் போக ஊற்றுகிற மருந்தும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதற்கென்று தனித் தொட்டி வேண்டும், குழாய் வேண்டும், அனுமதி வேண்டும். இல்லையென்றால் அந்த இனித்த கிணறு ஒரு மாரி தாங்காது.

புதிதாகத் தொழில் தொடங்குகிற எல்லோரையும் பாருங்கள். என்ன வரும், எவ்வளவு வரும் என்றுதான் கேட்பார்கள். என்ன போகும், எங்கே போகும் என்று எத்தனை பேர் கேட்கிறோம்? தண்ணீர் வருகிற வழியை ருசி பார்த்துத் தெரிந்துகொண்டவர், போகிற வழியை நினைத்தும் பார்க்கவில்லை. தரிப்பிடம் என்றில்லை... கடை, ஹோட்டல், கலியாணம், எதற்கும் இதைக் கேட்கலாம்.

வசந்தி அடுப்பைப் பற்றவைத்தார். அன்றைக்குச் சாப்பிட என்று அரைத்துக் கொண்டு வந்திருந்த பருப்பில் வடை தட்டத் தொடங்கினார். தட்டிக்கொண்டே, திரும்பாமலே சொன்னார்:

"நான் திங்கக்கிழமை வழமை மாதிரி வேலைக்குப் போறன். சிஞ்ஞோராவிட்டை ஒண்டும் சொல்லப் போறேல்லை."

"அப்ப இது?" செல்வத்தின் குரல் சின்னதாக இருந்தது.

"இதை ஆர் விடச் சொன்னது? நீங்கள் இதைப் பாருங்கோ, நான் அதைப் பாக்கிறன். கொமூனேக்குப் போங்கோ. அந்த ஜெயோமெத்ராவைப் பிடியுங்கோ. இந்தப் பெட்டிக்கு ஒரு வழி வந்தாப் பிறகு என்னைக் கூப்பிடுங்கோ. வாறன்."

தட்டிய வடைகளை எண்ணெயில் போட்டுப் பொரித்தெடுத்தார்.

முதல் தட்டை அந்த ஜெர்மன் அம்மாவிடம் நீட்டினார். அவர் ஒன்று எடுத்தார். இன்னொன்று எடுத்தார். தாடிக்காரர் நின்றபடியே தட்டைக் காலி செய்தார். இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். வண்டிக்குக் கொண்டுபோகக் கட்டித் தர முடியுமா என்று அந்த அம்மா கேட்டார்.

வசந்தி என்னைப் பார்த்தார்.

"வெளியிலை வாங்கிச் சாப்பிடாதுகள் எண்டனீங்கள், அண்ணை?"

நான் ஒரு வடையை எடுத்து வாயை அடைத்துக்கொண்டேன். அனுபவம் சில நேரம் வடைக்குத் தோற்கும்.

போகும்போது அந்த அம்மா செல்வத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாரி முடியும் வரை தீவைச் சுற்றிக்கொண்டிருப்போம், திறந்ததும் ஃபோன் வரைபடத்தில் போடுங்கள், வருவோம் என்றார். "ஆனால் கடலின் படத்தைப் போடுங்கள்." பெட்டியைத் தாடிக்காரரே தூக்கிக்கொண்டு போனார். செல்வம் இந்த முறை உதவிக்குப் போகவில்லை.

நானும் இறங்கினேன். செல்வம் படலை வரை வந்தார். உடைந்து விழுந்த இதழை விரலால் தடவிக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை, பாயைச் சுருட்டக்கூட இல்லை, ஃபோன் அடித்தது.

"அண்ணை, எழும்பிட்டியளோ?"

"ஓம், சொல்லும்."

"உங்களுக்கு இப்ப வேலை ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை."

"உடைக்கிற வேலை செய்து பழக்கமோ?"

முதல் ரயிலில் போனேன். செல்வம் படலையில் நின்றார், கையில் பெரிய சுத்தியல். கடல் பக்க மதிலில் கரியால் ஒரு கோடு இழுத்திருந்தார். முழங்கால் உயரத்தில். அதற்கு மேல் எல்லாம் போக வேண்டும். தூண் இரண்டும் போக வேண்டும். ஒழுங்கைப் பக்கம் வண்டி வளைகிற அளவுக்கு வாய் திறக்க வேண்டும்.

மொட்டு இரண்டையும் ஏற்கெனவே பழைய சாரத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்.

"இது ரெண்டும் உடையக் கூடாது, அண்ணை. மெல்லமாக் கழட்டுங்கோ. கடல் பக்கத்திலை வைப்பம். படம் எடுக்க."

"சரி."

"நேற்று ஒரு கதை சொல்லிப்போட்டன்..."

"எந்தக் கதை?"

"விடுங்கோ." சுத்தியலை நீட்டினார். "முதல் அடியை நீங்கள் அடியுங்கோ. நான் கட்டினனான்... கை வராது."

வாங்கினேன். உள்ளே அடுப்பில் வசந்தி சோற்றுக்கு உலை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"எத்தினை நாளைக்கு நிப்பியள், அண்ணை?"

"மதில் நிக்குமட்டும் நிப்பன்," என்றேன்.

இத்தனை வருடம் ஊர் ஊராக யோசனை சொல்லியிருக்கிறேன், ஒருவரும் கூலி தந்ததில்லை. இடித்ததற்குக் கிடைத்தது — மத்தியானச் சோற்றோடு.